குட்டி, எண்ணிக்கை ஒன்று

கால்நடை அத்துமீறல் பற்றி ஒரு பழைய சட்டம் உண்டு, வெள்ளைக்காரர்கள் காலத்தில் எழுதியது. கால்நடை என்றால் என்ன என்று அதன் தொடக்கத்திலேயே விளக்கியிருப்பார்கள். யானையில் தொடங்கி ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி என்று இறங்கி ஆட்டுக்குட்டியில் வந்து முடியும். அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டால், உரிமையாளரோ அவருடைய முகவரோ ஏழு நாளுக்குள் வந்து கேட்டு, உரிய கட்டணத்தைச் செலுத்தி ஓட்டிக்கொண்டு போகலாம். கேட்க ஆள் வராவிட்டால் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதன்பின் இன்னும் ஏழு நாள். பிறகு ஏலம்.

எங்கள் ஊரில் அன்று பொருந்தியிருக்க வேண்டிய விதி இதுதான். பொருந்தவில்லை. வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். எனக்கு விளங்காத விதிகள் குறைவு. விளங்கியும் பொருந்தாமல் போனவை பீரோ பீரோவாக உண்டு. ஆனால் ஒரே வாரத்தில், இரண்டு வேறு நூல்களில், ஒரே விலங்கைப் பற்றிய இரண்டு விதிகள் என் மேஜைமேல் வந்து விழுந்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டாவது விதி வேதாகமத்தில் இருக்கிறது. அது என்னிடம் வந்ததற்கு எங்கள் ஆயர்தான் காரணம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்துப் புதன்கிழமைகளில் எங்கள் ஆலயத்தில் மாலை ஆறு மணிக்கு வேதபாடம் நடக்கும். சபையில் வாரம் ஒருவர் பேச வேண்டும். பரமக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஆயருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஏற்பாட்டுல மீட்பு எங்கன தொடங்குதுன்னு நீங்க ஒரு புதன்கிழமை பேசணும் சார். சட்டம் தெரிஞ்சவுக பேசுனா நல்லாருக்கும்."

ஓய்வுபெற்றவனை யாராவது சட்டம் தெரிந்தவன் என்று சொன்னால் அவன் எதற்கும் சம்மதிப்பான். நானும் சம்மதித்தேன்.

புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, வரிசை எண், நிகழ்வு, குறிப்பு என்று மூன்று பத்திகள் பிரித்தேன். மீட்பு என்பது பெரிய விஷயம், எங்கேயோ வானத்தில் இடிமுழக்கத்தோடு தொடங்கும் என்று எதிர்பார்த்துப் பக்கம் புரட்டினேன். முதலில் கிடைத்தவர் சாகப்போகும் ஒரு கிழவர். பேரன்மார் தலையில் கைவைத்துக்கொண்டு, எல்லாத் தீமைக்கும் தன்னை நீங்கலாக்கி மீட்ட தூதன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். எப்போது மீட்டான், எப்படி மீட்டான் என்பதற்கு விவரமில்லை. வரிசை எண் ஒன்று, குறிப்பு: ஆவணம் இல்லை. அடுத்தது எகிப்தில் செங்கல் அறுக்கும் அடிமைகளுக்கு உங்களை மீட்பேன் என்று வரும் வாக்கு. இது சரி, இதுதான் நான் தேடியது என்று நினைத்தேன். அடிமைகளும் விடுதலையாகிக் கிளம்பிவிட்டார்கள். கடலைக்கூட இன்னும் தாண்டவில்லை. அதற்குள் ஒரு விதி வந்துவிடுகிறது. தலைப்பிள்ளைகளும் தலையீற்றுகளும் கடவுளுக்கு உரியவை. ஆனால் கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் அதன் கழுத்தை முறித்துப்போட வேண்டும். மனிதனின் தலைப்பிள்ளையையும் மீட்க வேண்டும் என்று அதே மூச்சில் சொல்லியிருக்கிறது.

நான்கு முறை படித்தேன். மனிதகுலத்தின் மீட்பைத் தேடிப் போனவனுக்குக் கழுதைக்குட்டி கிடைத்தது. ஆயருக்குத் தொலைபேசினேன்.

"எபிரேயத்துல ரெண்டு சொல்லு இருக்கு சார்" என்றார். "ஒன்னு, உறவுக்காரன் தன் கடமைன்னு போயி மீட்கிறது. நிலத்த வித்தவனுக்கும் அடிமையாப் போனவனுக்கும் அந்தச் சொல்லு வரும். இன்னொன்னு, ஒன்னக் கொடுத்து ஒன்ன விடுவிக்கிறது. கழுதைக்கு வாரது இந்த ரெண்டாவது. தமிழ்ல ரெண்டுக்கும் மீட்புன்னே போட்டுட்டாக."

"சரி, கழுதைய மட்டும் ஏன் தனியாச் சொல்லணும்?"

"கழுதை பலிக்கு ஆகாத மிருகம். அதான் பதிலா ஆகுற ஒன்னக் கொடுக்கிறாக."

"ஆகாதது பொழைக்க, ஆகுறது சாகணுமா? தலைகீழா இருக்கே."

"தலைகீழாத்தான் சார் இருக்கு" என்றார் ஆயர் உற்சாகமாக. நான் கேட்டதற்கு அதைப் பதில் என்று அவர் நினைத்துவிட்டார்.

கழுதைப்பால்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்றது அதற்கடுத்த திங்கட்கிழமை சாயங்காலம். எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை அவள் குரல் கேட்கும். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் கழுதையை நிறுத்தி, அங்கேயே கறந்து, பாலாடைச் சங்கில் ஊற்றிக் கொடுப்பாள். அறிவியல் அதற்கு என்ன சொல்கிறது என்று நான் திண்டாட வைக்கும் கேள்விகள் கேட்பேன் என்பதால் என் வாசலில் மட்டும் கூவாமல் கடந்துபோவாள். அன்று அவளே கேட்டைத் திறந்தாள். பின்னால் கழுதை மட்டும் நின்றது. குட்டியைக் காணோம்.

"மனு எழுதுற சார் நீங்கதானய்யா? குட்டியப் பிடிச்சு அடச்சுட்டாக. தலையீத்துக் குட்டிய்யா."

அந்தச் சொல்லை அச்சில் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாரோ என் நோட்டை எடுத்துப் படித்துவிட்டு வந்து பேசுவதைப் போல இருந்தது. "என்ன குட்டின்னு சொன்ன?" என்று மறுபடி கேட்டேன்.

"தலையீத்து. மொதோ ஈத்து. பொறந்து ஒரு மாசந்தான் ஆவுது. காலையில பஸ்ஸ்டாண்டுப் பக்கம் மாடு பிடிக்க வந்தவுக, மாட்டோட மாடா அதையும் வண்டியில ஏத்திட்டாக. குட்டி முட்டுனாத்தான்யா தாய் பால எறக்கும். காலையிலேர்ந்து முட்டல. மடியத் தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு மூனு நாளு போச்சுன்னா பாலு வத்திரும். அப்பறம் குட்டிய விட்டு என்ன, விடாம என்ன? அதுவும் செத்துரும், நானும் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

ஏழு நாள் அவகாசம் இருக்கிறது, பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். பால் குடிக்கும் குட்டிக்கு ஏழு நாள் என்பது அவகாசம் அல்ல. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யானையை நினைத்தார்கள், மடியை நினைக்கவில்லை.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எல்லா அலுவலகங்களும் ஒன்றுதான் என்பதை முப்பத்துநான்கு ஆண்டுகள் உள்ளே இருந்து பார்த்தவன் நான். செயல் அலுவலர் ராமநாதபுரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கணினிக்கு முன்னால் இருந்த இளம் எழுத்தர் மரியாதையானவர், எழுந்து நாற்காலி போட்டார்.

"உரிமைச் சான்று வேணும் சார்."

"கழுதைக்கா?"

"கால்நடைக்கு சார்."

"சட்டத்துல அப்படி எதுவும் சொல்லலையே. உரிமையாளரோ முகவரோ வந்து கேட்டாப் போதும்."

"அது பழைய சட்டம் சார். இப்ப அது இருக்கான்னே தெரியல."

"இல்லைன்னா எந்தச் சட்டத்துல பிடிச்சு அடைச்சீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நடைமுறை சார்" என்றார்.

அந்தச் சொல்லை நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது அன்றுதான் முதல் தடவை. இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது அதற்குப் பொருளே இல்லை.

உரிமைச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். அவர் விதி தெரிந்தவர், அதுதான் பிரச்சினை. அவளுடைய ரேஷன் அட்டை கடலாடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. ஆகவே இவர் கொடுக்க முடியாது. குட்டி பிறந்த ஊர் எது என்று கேட்டார்.

"திருப்புல்லாணி போற வழியில, பஸ் நிக்கிற கொட்டகையில போட்டுச்சு சாமி."

பிறந்தது ஓர் எல்லை, குடியிருப்பு ஓர் எல்லை, பிடிபட்டது மூன்றாவது எல்லை. மூன்று கையெழுத்துகள் வேண்டும். ஒரு மாதத்துக் கழுதைக்குட்டிக்கு இத்தனை அதிகார வரம்பு இருப்பது அதன் தாய்க்குத் தெரியாது. வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தது.

என் கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். பொருள், பார்வை, விவரம், வேண்டுகோள், எல்லாம் அதனதன் இடத்தில். விலங்கின் இனம், பால், நிறம், அங்க அடையாளம், பிடிபட்ட இடம், நேரம். அவள் கடலாடிக்கும் பரமக்குடிக்கும் இடையில் எங்கே இருப்பாள் என்று தபால்காரருக்குத் தெரியாது என்பதால், முகவர் என்ற முறையில் நானே கையெழுத்திட்டு, பதில் என் முகவரிக்கு என்று எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்து ரசீதும் வாங்கினேன். என் வாழ்வில் எழுதிய மிக நல்ல மனுக்களில் ஒன்று அது. அதை அவளிடம் படித்தும் காட்டினேன்.

"நல்லாருக்கய்யா" என்றாள். "குட்டி எப்ப வரும்?"

புதன்கிழமை காலை பட்டிக்குப் போனேன். உப்பளத்துக்குப் போகும் சாலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சீமைக்கருவேலங்களுக்கு நடுவில் நாலு சுவரும் ஒரு இரும்புக் கேட்டும். தாய்க்கழுதை கேட்டில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு மூலையில் குட்டி படுத்திருந்தது. தாய் கத்தினால் காதை மட்டும் அசைத்தது. காலூன்றி எழ அதற்குத் தெம்பில்லை. பால்காரி கேட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறாளாம்.

பட்டிக்காரர் தற்காலிகப் பணியாளர், ஐம்பது வயதிருக்கும். என்னைத் தெரிந்தவர்.

"மாட்டுப்பாலக் கறந்து வெரல்ல நக்க வச்சேன் சார். துப்பிருச்சு."

"தாய உள்ள விட்டுப் பால் குடிக்க வைக்கலாமே?"

"உள்ள வந்தா பதியணும் சார். பதிஞ்சா அதுக்கும் சான்று கேப்பாக. அப்பறம் இந்த அக்காவுக்குத் தாயுமில்ல, குட்டியுமில்ல."

இதில் பிழை எங்கே என்று தேடினேன். இல்லை. பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பதிவேட்டைப் பார்ப்பேன். திங்கட்கிழமைப் பதிவு இப்படி இருந்தது: மாடு 4, கன்று 2, குட்டி 1, ஆக உருப்படி 7.

"என்னய்யா இது? குட்டின்னா என்ன குட்டி? இனம் எழுத வேண்டாமா?"

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "கழுதைன்னு எழுதத்தான் சார் பேனாவ வச்சேன். 'ழு'வா 'ளு'வான்னு ஒரு சந்தேகம் வந்துருச்சு. மேற்பார்வையாளரு போன தடவை 'வெல்லாடு'ன்னு எழுதுனதுக்கு நாலு பேர் முன்னால சிரிச்சாரு. அதான் குட்டின்னு மட்டும் எழுதி விட்டுட்டேன்."

பால்காரி தரையிலிருந்தே தலையைத் தூக்கினாள். "எழுத்துக்கு வாலு சுத்துனா என்ன, சுத்தாட்டி என்ன? உன் எழுத்துக்கு என் குட்டி உள்ள கெடக்கு. நல்லாருக்குய்யா ஓம் படிப்பு."

"ஏக்கா, நானா பிடிச்சேன்? பூட்டுறவன்தான் நான்" என்றவர், என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "சார், ஒன்னு சொல்லுறேன். மேற்பார்வையாளரு சாயங்காலம் வருவாரு. சாணின்னு உள்ள வரமாட்டாரு. கேட்டுக்கு வெளிய நின்னு தலைய எண்ணுவாரு. ஏழுன்னா ஏழு. ஆறாயிருந்தா என் வேலை போச்சு. இந்தக் குட்டி போகணும்னா, இந்த எடத்துல ஒரு குட்டி இருக்கணும். அம்புட்டுத்தான்."

"என்ன குட்டி?"

"என்ன குட்டியா இருந்தா என்ன சார்? எழுதுனது குட்டிதான? ஆட்டுக்குட்டி இருந்தாலும் குட்டிதான்."

அந்த மனிதர் ஆலயத்துக்கு வருபவர் அல்ல. வேதாகமத்தைத் தொட்டிருக்கமாட்டார். 'ழு'வுக்கும் 'ளு'வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். மாலை ஆறு மணிக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதும், எனக்கே விளங்காததுமான விதியை அவர் கேட்டில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது விதியே அல்ல, சாயங்காலக் கணக்கெடுப்புக்கு ஒரு வழி.

அரசுப் பதிவேட்டில் காட்டிய உருப்படிக்குப் பதிலாக வேறு உருப்படியை வைப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன தண்டனை என்றும் தெரியும். இரண்டு பேருக்கு நானே குறிப்பாணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். குட்டியைப் பார்த்தேன். இப்போது காதையும் அசைக்கவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

என் மனைவி கொல்லையில் ஒரு வெள்ளாடு வளர்க்கிறாள். அவளுடைய தங்கை கொடுத்தது. அது முதல் ஈற்றில் போட்ட கிடாக்குட்டி ஒன்று இருந்தது, பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஈஸ்டருக்கு மகளும் மருமகனும் வருவார்கள், அன்றைக்கு ஆகும் என்று பார்த்துப் பார்த்துத் தழை போட்டாள். நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

"எங்க கொண்டு போறீக?"

"பட்டிக்கு."

"எதுக்கு? அது யாரு கொல்லையிலயும் மேயலயே."

"அதுதான். மேயாததுதான் வேணும்." பிறகு எனக்கே அது போதவில்லை என்று தோன்றி, "வேதத்துல இருக்கு" என்றேன்.

"வேதத்துல நம்ம வீட்டு ஆட்டையா எழுதியிருக்கு?"

கழுதைக்குட்டியின் கதையைச் சொன்னேன். மடி கட்டிப்போனதைச் சொன்ன இடத்தில் அவள் முகம் மாறியது. இரண்டு பிள்ளை பெற்றவள். கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, அறுந்துவிடாதபடி இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

"ஈஸ்டருக்குள்ள வந்துருமா?"

"நடைமுறை இருக்கு" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

பட்டிக்காரர் கழுதைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே இறக்கினார். அதே கேட் வழியாக என் ஆட்டுக்குட்டியை உள்ளே விட்டார். கேட் மூடியதும் அது திரும்பி என்னைப் பார்த்துக் கத்தியது. கழுதைக்குட்டி நாலு அடி தள்ளாடிப் போய்த் தாயின் மடியில் ஒரு முட்டு முட்டியது. தாய் பின்னங்காலை அகட்டி நின்றது. பால் இறங்கச் சற்று நேரமானது. பிறகு குட்டியின் தொண்டை அசைவது தெரிந்தது. பால்காரி அழவில்லை, கும்பிடவில்லை. "மெள்ள, மெள்ள, ஏலே, யாரும் பறிக்கல" என்று குட்டியைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அது குடித்து முடித்ததும், மற்றக் காம்பில் கறந்து பாலாடையில் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"குடிங்கய்யா. கொரலு நல்லாருக்கும்."

அறிவியல் கேள்வி எதுவும் கேட்காமல் குடித்தேன். இலேசான இனிப்பு, தண்ணீர் மாதிரி. அவள் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "இத எப்ப விடுவாகய்யா?"

"விடுவாக" என்றேன்.

அன்று மாலை வேதபாடத்துக்கு இருபது பேர் போல வந்திருந்தார்கள். கிழவர், அடிமைகள், நிலத்தை மீட்கும் உறவுக்காரன், எபிரேயத்தின் இரண்டு சொற்கள் என்று நோட்டுப்படி போனேன். புருஷனை இழந்து மாமியாரோடு வந்த அந்நிய ஊர்ப் பெண்ணையும் அவளுக்காக ஊர் வாசலில் போய் உட்கார்ந்த உறவுக்காரரையும் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். கழுதைக்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டேன். பெயர், இடம் சொல்லாமல், இப்படி ஒரு கழுதைக்குட்டி, இப்படி ஓர் ஆட்டுக்குட்டி என்று சொன்னேன். குரல் நன்றாகவே இருந்தது. முதல் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"கழுதைக்குட்டிக்கு அந்தம்மா வந்தாக, நீங்க வந்தீக. சரி. அந்த ஆட்டுக்குட்டிக்கு யாரு வாரது?"

நான் ஆயரைப் பார்த்தேன். அவர் எழுந்து, அந்தக் கேள்வியிலிருந்துதான் சிலுவைக்குப் போகிறோம் என்று தொடங்கி அழகாகப் பேசினார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு ஆட்டுக்குட்டி ஓர் அடையாளம். எனக்கு நெற்றியில் பொட்டு வைத்த ஒன்று அந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. செவிலியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வந்த நாட்களில் எனக்கு எதுவும் நேராகத் தோன்றவில்லை. காலையில் தழைக்கட்டோடு பட்டிக்குப் போனேன். "என்ன சார், பட்டிக்கு வேலைக்குச் சேந்துட்டீகளா?" என்று தேநீர்க்கடையில் கேட்டார்கள். ஆட்டுக்குட்டியை நான் போய்க் கேட்கவும் முடியாது. அது பிடிபடவே இல்லை. அது என்னுடையது என்று நான் சொன்னால், கழுதைக்குட்டி எங்கே என்ற கேள்வி வரும், பட்டிக்காரர் வேலை போகும். கேட்காவிட்டால் அறிவிப்பு, ஏலம், கறிக்கடை. பட்டிக்காரர் தீர்வு வைத்திருந்தார்: "இன்னொரு குட்டி கொண்டாந்தீகன்னா இத விட்டுரலாம் சார்." அதற்குப் பதில் இன்னொன்று, அந்த இன்னொன்றுக்குப் பதில் மற்றொன்று. இந்த வரிசை எங்கேயாவது நிற்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எங்கே என்பது விளங்கவில்லை.

என் மனு மேல் நினைவூட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். பதினைந்து நாள் தாண்டினால் நினைவூட்டு அனுப்புவது என் இயல்பு. ஆனால் நினைவூட்டினால் யாராவது கோப்பைத் திறப்பார்கள், பட்டிக்குப் போய்ப் பார்ப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகம் என் மனுவை மறந்துவிட வேண்டும் என்று ஜெபித்தேன்.

வேதாகமத்துக்கே திரும்பினேன். ஆட்டுக்கு ஏதாவது வழி இருக்கும் என்று தேடியதில், இன்னும் இரண்டு ஆகமம், அதாவது வேதாகமத்தில் இரண்டு புத்தகம், தள்ளி, அதற்கும் ஒரு விதி கிடைத்தது. மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் தலையீற்றை மீட்கக் கூடாது. அவை பரிசுத்தமானவை, பலிக்கு உரியவை. தெளிவாக எழுதியிருந்தது, விலக்கு எதுவும் இல்லை. என் மனைவியின் ஆட்டுக்குட்டி வெள்ளாடு, தலையீற்று. கழுதைக்கு இருக்கும் வழி அதற்கு இல்லை. நல்ல இனத்தில் பிறந்ததுதான் அதன் குற்றம். மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"மீட்கக் கூடாதுன்னு போட்டிருந்தா விடுங்க" என்றாள். "ஈஸ்டருக்குக் கோழி எடுத்துக்கிடுவோம்." கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே, "இன்னைக்கித் தழை தின்னுச்சா?" என்று கேட்டாள்.

பிடித்துப்போட்ட மாடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பசுக்களின் சொந்தக்காரர்கள் சான்று எதுவும் இல்லாமல் வந்து ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எப்படி என்று கேட்கவில்லை. கன்றுகளும் போயின. குட்டி ஒன்று மட்டும் மிச்சம். அறிவிப்பு ஒட்டப்படும் என்று தினம் சுவரைப் பார்த்தேன். அறிவிப்பும் இல்லை. பட்டியின் தீவனத்தையும் என் தழையையும் தின்று அது கொழுத்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலம் உப்பளச் சாலை வழியாகப் போனபோது என் கையிலிருந்த ஓலையைக் கேட்டுக்குள் நீட்டினேன். முழுவதும் தின்றது. பின்னால் வந்த ஆயர் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பிறகு பதில் வந்தது. உறையை உடனே பிரிக்காமல் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். அந்த உறைகளை நான் மற்றவர்களுக்கு அனுப்பிய காலத்தில் அவர்களும் இப்படித்தான் திருப்பிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கடிதத்தில் எண் இருந்தது, பொருள் இருந்தது, பார்வையில் என் மனுவைச் சரியாகக் குறித்திருந்தார்கள். பார்வையில் கண்ட மனுவின் மீது நேர்தணிக்கை செய்யப்பட்டது. மனுதாரர் கழுதைக்குட்டி எனக் குறிப்பிட்டுள்ள கால்நடை, தணிக்கையில் வெள்ளாட்டுக்குட்டி எனத் தெரியவருகிறது. மனுதாரர் இனத்தைத் தவறாகக் குறிப்பிட்டுள்ளார். எனினும் பதிவேட்டின்படி எண்ணிக்கை ஒத்துள்ளதாலும், வேறு எவரும் உரிமை கோராததாலும், மேற்படி குட்டியை மனுதாரர் அலுவலக வேலை நாளில் நேரில் வந்து பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. இனிவரும் காலங்களில் மனுக்களைக் கவனமாக எழுதுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை தேடினேன், இல்லை. 'ழு' சரியாகவே இருந்தது. எந்த விதியின்படி விடுவிக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பழைய சட்டத்தையும் சொல்லவில்லை, ஆகமத்தையும் சொல்லவில்லை. மீட்கக் கூடாது என்று எழுதப்பட்ட ஒன்றைத் தவறாக எழுதப்பட்ட மனு ஒன்றின் பேரில் விட்டுவிடுகிறார்கள். அதுவும் நான் எழுதிய மனு, கழுதைக்கு எழுதியது.

கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, "கவனமா எழுதச் சொல்லியிருக்காக" என்றாள். பிறகு, "வேலை நாள்னா எப்ப?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அலுவலகம் இல்லை, மறுநாள் ஈஸ்டர். திங்கட்கிழமைக்கு முன்னால் யாராலும் அதைத் தொட முடியாது. அவள் கொல்லைக்குப் போய், இத்தனை நாளாக வெறுமையாகக் கிடந்த முளைக்குச்சியை அசைத்து, உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

கடிதத்தில் இட்டிருந்த தேதி மூன்று வாரம் பழையது. அப்போதே வந்திருந்தால் குட்டி ஈஸ்டர் குழம்புக்கு ஆகியிருக்கும். ஆனால் பதில் வந்து சேர்ந்தது பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, முற்பகல் தபாலில்.